தனி ஜோடி

“யாருடி குட்த்தது?”

ரமாபாய் அந்த ஷூவை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் சக்கரம் இல்லை; கத்தி போல நீண்ட இரும்புத் தகடு. ஐஸ் மேல் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. புத்தம் புதுசு.

“எங்க கோச்சு ஆன்றோ சார்தாம்மா. எனுக்குன்னு தனியா வாங்கினு வந்தாரு.” ஷாலுவின் பதின்மூன்று வயது முகத்தில் பெருமை தாங்கவில்லை.

“மத்த புள்ளைங்களுக்கு?”

“அவுங்கல்லாம் கிளப்பு ஷூவையே மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க. என்னுத மட்டும் வூட்டுக்கு எடுத்துனு போவச் சொல்ட்டாரு.”

ரமாபாய் ஷூவைக் கீழே வைத்தாள். பெண் பிள்ளைக்கு ஓர் ஆம்பளை சும்மா எதற்குக் கொடுக்கிறான்?

“எல்லாத்துலயும் உனுக்கு டவுட்டுதாமே,” என்று சிரித்தான் அவள் புருஷன் லட்சுமணன். ஆடுதொட்டியில் ஆடு அறுத்து உரிக்கும் வேலை முடித்து அப்போதுதான் குளித்திருந்தான். “கொயந்த படற கஸ்டத்தப் பாத்து குட்த்துகிறாரு. நல்ல மன்சன்.”

கஷ்டம் உண்மைதான். விடியுமுன் புளியந்தோப்பில் பஸ் ஏறி, திருவொற்றியூரில் சிமென்ட் தளத்தில் சக்கர ஷூவோடு ஓடிப் பழகியவள். இரண்டு வருஷமாக முட்டியில் தோல் முழுதாக ஆறியதில்லை. மாதம் இரண்டு முறைதான் ஐஸைப் பார்ப்பாள், ஒரு மாலில் இருந்த சின்னத் தளத்தில். அப்படியும் கிளப்பில் அவளை முந்த ஆளில்லை. அந்த ஞாயிறு அங்கே தேர்வு. தேறினால் நான்கு பேர் தொடர் ஓட்ட அணியில் வடக்கே, தேசியப் போட்டிக்கு.

ஞாயிறு ரமாபாயும் கூடவே கிளம்பினாள். ஆன்றோவை ஓரமாக நிறுத்தினாள்.

“எம் பொண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் தனி ஷூ?”

அவள் பயந்த மாதிரி ஆள் இல்லை அவர். கண்ணில் கள்ளம் இல்லை. ஆனால் அந்தக் கண் அவளைப் பார்க்கவும் இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஃபாரத்துல அப்பா வேலை ஆடுதொட்டின்னு எழுதியிருந்தீங்கல்ல? சில பேரண்ட்ஸ் பாத்துட்டாங்க. அவ போட்ட ஷூவ எங்க புள்ளைங்க போடாதுன்னுட்டாங்க. எதுக்கு வம்புன்னு நானே வாங்கிட்டேன். அவ மனசு நோகக் கூடாது பாருங்க.”

ரமாபாய் பாத்திரம் தேய்க்கும் வீட்டில், ஜன்னல் விளிம்பில் அவளுக்கென்று ஒரு டம்ளர் இருந்தது. அதுவும் புதுசாக வாங்கியதுதான். வாங்கிக் கொடுத்த அம்மாளும் நல்லவள்தான்.

விசில் ஊதியது. இந்தத் தொடர் ஓட்டத்தில் கம்பு கிடையாது. சுற்றி வருகிறவள், முன்னால் குனிந்து வழுக்கும் அடுத்தவளை இடுப்பில் கை வைத்துத் தள்ளிவிட வேண்டும். கை படாவிட்டால் ஓட்டம் செல்லாது.

அவளுக்கு முந்தின சுற்று ஓடும் சுஜா வந்தாள். ஷாலு குனிந்தாள். சுஜாவின் கைகள் ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டன. “ம், போ!” என்ற குரல் மட்டும் வந்தது. இத்தனைக்கும் கையில் தடித்த உறை.

மறுபடி ஓடவைத்தார் ஆன்றோ. மறுபடியும் அதே ஒரு சாண்.

“டைமிங் சேரல,” என்றார். “ஷாலு, நீ இப்போதைக்கு ரிசர்வ்ல இரும்மா.”

ஷாலு வெளியே வரவில்லை. ஷூ ஏன் தனியாக வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தளத்தின் நடுவில் குனிந்தபடியே நின்றாள்.

“சுஜா தள்ளட்டும் சார். அப்பாலயும் நான் ஸ்லோன்னா நானே போய்க்கிறேன்.”

“என்னா வாயி பாத்தியளா!” தடுப்புக்கு வெளியே இருந்து கத்தினாள் சுஜாவின் அம்மா ஜெயக்கொடி. “ஏட்டி சுஜா, நீ வெளிய வா!”

ஆன்றோ ரமாபாயைப் பார்த்தார். பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். ரமாபாய் முன்வரிசை பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ரூலு இன்னா சார்? எல்லார் காதுலயும் வுழற மாரி சொல்லுங்க.”

‘தொடுவது’ என்ற சொல்லைக் கிளப்பில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் சுஜாவின் பக்கம் திரும்பினார்.

“சுஜா... அவளத் தொடணும். தொடலன்னா செல்லாது.”

வெளியே நின்ற அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். சுஜா தன் அம்மாவைப் பார்த்தாள். ஷாலு யாரையும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டியபடி, முட்டியில் கை ஊன்றி, அங்கேயே நின்றாள்.