புதன்கிழமைக் குங்குமம்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் குங்குமப் பொட்டலம் வாங்கும்போதே குருநாதனுக்குக் கை கூசியது. பொய் சொன்ன பிள்ளைகளை முட்டிபோட வைக்கும் செந்துறை ஹெட்மாஸ்டர் அவர். காலையில் மனைவி பஞ்சவர்ணத்திடம் சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று தானே முடிவுகட்டி, கருணைக்கிழங்காகத் தின்று, கறைபட்ட வேட்டியைத் தானே கசக்கிப் போட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தார். இன்று மகள் வயதுள்ள நர்ஸ் முன்னால் இனிமாவுக்கு வேட்டியை அவிழ்த்து, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தபோது, இதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று தோன்றியது.

விளக்கு வைத்த குழாயை உருவி எடுத்த பிறகு டாக்டர் சொன்னார்.

"மூலமில்ல சார். குடல்ல ரெண்டு கட்டி, காம்பில்லாம தட்டையாப் படர்ந்திருக்கு. ஒண்ணு கரடுமுரடா இருக்கு, அது சுலபமா வந்துடும். இன்னொண்ணு வழவழன்னு இருக்குதே, அதான் எனக்கு பயம். விட்டா புத்துநோயாயிடும். அடியில ஊசியால உப்புத்தண்ணி ஏத்தி, மேல தூக்கி, கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்துடலாம். வயித்தைக் கிழிக்க வேண்டாம். ஆனா குடல் ஓட்டையாச்சுன்னா உடனே ஆபரேஷன். வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போடணும்."

"ஆள் இல்லாம முடியாதுங்களா?"

"முடியாது சார். வர்ற புதன்கிழமை கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடந்தும், மாற்று வேட்டியிலும் கறை பட்டுவிடுமோ என்று வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். பஞ்சவர்ணத்திடம் எப்படி வாயைத் திறப்பது?

வீட்டில் பொட்டலத்தை நீட்டினார். பஞ்சவர்ணம் வாங்கவில்லை.

"கோயில்ல கூட்டமாங்க?"

"நல்ல கூட்டம்."

"இன்னைக்கு புதன்கிழமைங்க. அங்க திங்களும் வெள்ளியுந்தான நட தொறப்பாங்க?"

ஊருக்கே தெரிந்த சங்கதி. பதற்றத்தில் கிழமை மறந்துபோயிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒரு வருசமா வேட்டிய நீங்களே தொவைக்கிறீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? அவ யாருன்னு மட்டும் சொல்லிடுங்க, எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுறேன்."

ஒரு கணம், ஆமாம், ஒருத்தி இருக்கிறாள் என்றே சொல்லிவிடலாமா என்று நினைத்தார். அதிலாவது கொஞ்சம் ஆண்பிள்ளைத்தனம் இருந்தது. அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். பிறகு காலையில் கட்டிப்போய்க் கறைபட்டதால் பையில் சுருட்டிவைத்திருந்த வேட்டியை எடுத்து அவள் முன்னால் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதிரியே சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் வேட்டியைப் பிரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார்.

"வெள்ளிக்கெழமைன்னு மாத்தித் தரச் சொல்லுங்க அந்த டாக்டர" என்றாள். "ரெண்டு பேரும் கோயிலுக்குப் போறோம்னா ஊரு நம்பும்."

குங்குமப் பொட்டலத்தை எடுத்து சாமி படத்தடியில் வைத்துவிட்டு, வேட்டியோடு கொல்லைக்குப் போனாள். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கும்மியும் கறை முழுக்கப் போகவில்லை. கொடியில் போடும்போது பக்கத்து வீட்டு வேலியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கறை இருந்த பக்கத்தை உள்ளே வைத்து மடித்துக் காயப்போட்டாள்.