தங்கைக்குக் கேட்ட மாத்திரை

1.
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு, ஒரே குடும்பப்பெயரோடு வந்த இரண்டு எச்சில் குப்பிகளிலிருந்து வந்தது. என் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்துக் கிழித்தது, ஊரார் எச்சிலில் மரபணு பார்க்க.

2.
முதல் தொடக்கம்: ரலிட்சா சோகமாக ஜன்னலோரம்...

வேண்டாம். மனச்சோர்வு வந்தவள் ஜன்னலோரம்தான் உட்கார வேண்டுமா?

இரண்டாவது: ரலிட்சாவுக்கும் தங்கை நெவேனாவுக்கும் ஒரே நோய். தங்கைக்கு ஒரு மாத்திரை கேட்டது. ஆறே வாரத்தில் எழுந்து வேலைக்குப் போனாள், (புதுமனுஷியாக என்று எழுதி அடித்தேன்) பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். கூடப்பிறந்தவளுக்குக் கேட்டது இவளுக்கும் கேட்கும் என்று மருத்துவர் அதையே அக்காவுக்கும் எழுதினார். எட்டு மாதம். ஒன்றும் நடக்கவில்லை.

3.
"முழுங்குறியா, துப்புறியா? நாக்கத் தூக்கு," என்றாள் அம்மா.

"எனக்கு முப்பத்தொரு வயசும்மா."

"விடும்மா," என்றாள் நெவேனா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை மென்றபடி. "மனசு வைக்கணும்க்கா. நான் வைக்கல?"

அறையலாம் போலிருந்தது ரலிட்சாவுக்கு. தங்கை தூங்கினால் பொறாமை. சிரித்தால் பொறாமை. பசிக்கிறது என்றால்கூட.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: நெவேனாவைக் கெட்டவளாக்கிவிட்டேனோ? திருத்திப் பார்த்தேன். திருந்த மாட்டேன் என்கிறாள்.)

4.
மருத்துவர் இருவருக்கும் மரபணுப் பரிசோதனை எழுதினார். முடிவு வந்தது. ரலிட்சாவின் உடம்பு அந்த மருந்தை, அது வேலை செய்யுமுன்பே சிதைத்து வெளியே தள்ளுகிறது. பிறவியிலேயே அப்படி. நெவேனாவின் உடம்பு நிதானமாகச் சிதைக்கிறது. மனசு வைத்தாளாம்!

மருத்துவர் வேறு மருந்து எழுதினார்.

"வேணாம் டாக்டர். அதையே கூட்டிக் குடுங்க."

"ஏம்மா? இது உங்களுக்குக் கேக்க வாய்ப்பு அதிகம்."

"அவளுக்குக் கேட்டது எனக்கும் கேக்கணும்."

"இதென்ன பந்தயமா?"

"எங்க வீட்டுக்கு வந்து பாருங்க."

அவர் புதுச் சீட்டைத்தான் நீட்டினார்.

5.
முடிவு அ: சீட்டைக் கிழித்துப் போடுகிறாள்.

முடிவு ஆ: வாங்கிச் சாப்பிட்டுக் குணமாகிறாள், தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டு... சீ.

இரண்டையும் எழுதி முடிக்கக் கை வரவில்லை. காரணம் கேவலமானது. எனக்கும் அந்த நோய் இருந்தது. நடிக்கிறாள் என்றார்கள் வீட்டில். நான் ஒழுங்காக விழுங்கினேன் என்று எந்தக் காகிதமும் எனக்காகச் சாட்சி சொல்லவில்லை. இவளுக்குப் பரிசோதனை முடிவு சொல்லிவிட்டது. நானே உண்டாக்கிய பெண்ணைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

ரலிட்சா மருந்துக்கடையில் நிற்கிறாள்.

"சீட்டக் குடுங்கம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். நீங்கள் என்னைவிட நல்லவர் என்றால், அவள் கையை நீட்ட வையுங்கள்.