'முன்' என்று எழுதிய படம்

கெரிவாக் தீவுக் குடியரசில் கல்வித்துறை ஜீப் வருகிறது என்றால் சனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தீவு விடுதலை அடைந்த வருடமே துறையும் பிறந்தது. பள்ளி கட்டியது, கிணறு வெட்டியது, தேர்வு நடத்தியது. பிறகு வடக்கே போய், இனித் தமிழில் பாடம் கிடையாது என்றது. மறுத்த பள்ளிகள் எரிந்தன. துறை எழுதிய வரலாற்றில் அந்த வருடத்துக்கு ஒரே வரிதான்: 'வடபகுதிப் பள்ளிகள் துறையோடு இணைக்கப்பட்டன.'

கஜாலினிக்குத் தெரிந்ததும் அந்த ஒரு வரிதான். அவள் யாழ்ப்பாணத்துப் பெண், பௌதிகப் பட்டதாரி. ஷார்ஜாவில், ரோலா பக்கம் இருந்த துறையின் கிளையில் எழுத்தர் வேலை. பிழைக்க வந்த கெரிவாக்காரர்களின் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது கிளையின் பணி. அவளுடைய விசாவும் துறையின் பெயரில்தான் இருந்தது.

பொன்விழாவுக்காகத் தலைநகரிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய படங்கள் வந்தன. எந்த வேலை செய்தாலும் தொடங்குமுன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் எடுப்பது துறையின் வழக்கம். ஒழுகும் கூரை, பின்பக்கம் பென்சிலில் 'முன்'. ஓடு வேய்ந்த கூரை, 'பின்'. கிளைத் தலைவர் கௌரிசங்கர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லதா நாலு எடுத்து மாட்டும்மா" என்று சொல்லிவிட்டு அபுதாபிக்குப் போய்விட்டார்.

ஒரு படத்துக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை. பள்ளிச் சுவரோரம் ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். பின்னால் 'முன்' என்றிருந்தது. அவள் படித்த பள்ளியில் வருடாவருடம் எடுக்கிற ஆசிரியர் குழுப்படமும் இப்படித்தான் இருக்கும். புதுக் கட்டடம் எழும்புமுன் எடுத்ததாக்கும் என்று நினைத்தாள். பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு, 'நம் முன்னோடிகள்' என்று எழுதி விழா மண்டப வாசலில் வைத்தாள்.

அலுவலக உதவியாளர் அழகுமலை மாலை போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். சிவகங்கைக்காரர்.

"ஏம் தங்கச்சி, ஒருத்தர் மூஞ்சியிலகூடச் சிரிப்பக் காணோம்?"

"வாத்திமார் எங்கையண்ணை சிரிச்சவை?"

"அதுவும் சரிதான். எங்க கணக்கு வாத்தியார் கல்யாணப் போட்டோவுலயே முறைச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு."

மாலையில் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். டாக்ஸி ஓட்டும் முகம்மது யூசுப்பும் வந்தார். அவர் மகள் அந்த வருடம் தேர்வு எழுதியிருந்தாள். படத்தின் முன்னால் வந்ததும் அவர் கால்கள் நின்றுவிட்டன. இடது ஓரத்தில் நின்றவரின் முகத்தைக் கண்ணாடிக்கு மேலாகத் தொட்டார்.

"வாப்பா" என்றார்.

"உங்கட அப்பாவோ?" கஜாலினி மகிழ்ச்சியோடு கேட்டாள். "இந்தப் பள்ளிக்கூடத்திலயோ படிப்பிச்சவர்?"

"இந்தப் படத்தை எடுத்த கையோட துறை ஆளுங்க சுட்டாங்க." அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் மரத்து மேல இருந்தேன். எல்லாரையும் காலைப் பிடிச்சு இழுத்து வகுப்புக்குள்ள போட்டுக் கொளுத்துனாங்க. எது யாரு எலும்புன்னு தெரியல. உம்மா போய்க் கேட்டதுக்கு, அப்படியொரு வாத்தியாரே எங்ககிட்ட இல்லைன்னு துறை சொல்லிருச்சு."

அவள் கையிலிருந்த சந்தனத் தட்டு கீழே விழுந்தது.

அபுதாபியிலிருந்து வந்து பின்வாசல் வழியாக மேடைக்குப் போயிருந்த கௌரிசங்கர் அந்தச் சத்தத்தில் திரும்பினார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஓடி வந்து மாலையைப் பிய்த்து எறிந்தார்.

"யாரும்மா இதை மாட்டச் சொன்னது? இறக்கு!"

"சார், இதை எனக்குக் குடுத்துருங்க. வேற எதுவும் கேக்கல."

"துறையோட சொத்து. தள்ளுடா."

யூசுப் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கௌரிசங்கர் பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை. மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அன்னைக்கே மரத்துல இருந்ததையும் சேர்த்து முடிச்சிருக்கணும்."

"அப்ப நீயும் அங்க இருந்தியா?"

கௌரிசங்கர் ஓரடி பின்வாங்கினார். பக்கத்தில் நின்ற ஒலிவாங்கித் தாங்கியை இரண்டு கையாலும் தூக்கி, அதன் இரும்பு அடியால் யூசுப்பின் தலையில் அடித்தார். எலும்பில் படுகிற சத்தம் கேட்டது. யூசுப் படத்தோடு விழுந்தார். கண்ணாடி நொறுங்கி அவர் உள்ளங்கையில் ஏறியது. எழ முயன்றவரின் முதுகில் இரண்டாவது அடி. அவர் கௌரிசங்கரின் காலை வாரினார். விழுந்தவரின் மேல் ஏறி, கண்ணாடி குத்தியிருந்த அதே கையால் முகத்தில் குத்தினார். கன்னம் கிழிந்தது. ஒரு பல் கம்பளத்தில் விழுந்தது. குழந்தைகள் அலறின. "பாய், போதும் பாய், கலாஸ்!" என்று கத்திக்கொண்டு அழகுமலை அவரை இழுத்துப் பிரித்தார்.

போலீஸ் வந்தபோது யூசுப் சுவரில் சாய்ந்து கிடந்தார். கஜாலினி தன் துப்பட்டாவைச் சுருட்டி அவர் தலையில் அழுத்திக்கொண்டிருந்தாள். துணி நனைந்து விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது.

"கண்ணாடியால் என்னைக் கொல்ல வந்தான்" என்று கௌரிசங்கர் ஆங்கிலத்தில் சொன்னார். "எல்லாரும் பார்த்தார்கள்."

போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கௌரிசங்கரின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் சான்றிதழ் இல்லை. பெற்றோர்கள் தரையைப் பார்த்தார்கள். தான் உள்ளே டீ ஊற்றிக்கொண்டிருந்ததாக அழகுமலை இந்தியில் முணுமுணுத்தார்.

கஜாலினி போலீஸ்காரரை நிமிர்ந்து பார்த்தாள். "சேர்தான் முதல் அடிச்சவர்" என்றாள், கண்ணால் கௌரிசங்கரைக் காட்டி. தமிழில் சொல்லிவிட்டது பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள். குரல் எழவில்லை, போலீஸ்காரர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"பேசாத புள்ள" என்றார் யூசுப். "உன் வேலை போயிரும்."

"நாளைக்கு உனக்கு விசா இருக்காது, ஞாபகம் வச்சுக்க" என்றார் கௌரிசங்கர், வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பியபடி.

அவள் துணியை இன்னும் இறுக்கி அழுத்தினாள். அந்தத் தாங்கியைக் காட்டி, எங்கே நின்று எப்படித் தூக்கினார், எங்கே பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

போலீஸ்காரர் தாங்கியைப் புரட்டினார். அதன் அடியில் முடி ஒட்டியிருந்தது.

"இந்த ஆள் உனக்கு யார்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை" என்றாள். "இண்டைக்குத்தான் முதல்முதலாக் கண்டனான்."