கெட்டிலோடு சேர்த்து அஞ்சு

ஒற்றைப்படையாக மலையேறினால், குறைகிற இடத்தை நிரப்ப வேறெதுவோ கூட வந்துவிடும் என்று அந்த மலைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பயம். சத்ரியோவுக்கும் அது தெரியும். ஆனால் மூன்று நாளுக்கு முன் ரங்கா போன் செய்து, "தேசியப் பூங்காவுல கூடாரம் போடப் போறோம், வர்றியா?" என்று கேட்டபோது அவன் எத்தனை தலை என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக ஒரே அச்சகத்தில் வேலை. டீ குடிக்கக்கூடக் கூப்பிடாத ரங்கா, குந்துர், மெலாத்தி மூன்று பேரும் மலைக்குக் கூப்பிடுகிறார்கள்! தலைகால் புரியாமல் புது பூட்ஸ் வாங்கிவிட்டான்.

புது ஆள் என்பதால் அடுப்பு, அரிசி, கருவாடு, நூடுல்ஸ், கெட்டில் எல்லாம் அவன் பைக்குள் போயின. வாயெல்லாம் பல்லாகச் சுமந்தான். வேரைப் பிடித்துத் தொங்கி, பாறையைக் கட்டிப்பிடித்து, அட்டைகளுக்கு ரத்ததானம் செய்து வழியில் இளைப்பாறும் இரண்டாவது போஸ்ட்டை எட்டியபோது குந்துருக்கு வயிறு கலக்கியது. முந்தின நாள் தின்ற மிளகாய்ச் சம்பல் வேலையைக் காட்டிவிட்டது. முதல் போஸ்ட் குடிசையில் படுத்துக்கொள்கிறேன் என்று வயிற்றைப் பிடித்தபடி தனியாக இறங்கிப் போனான்.

மிச்சம் மூன்று பேர். ரங்காவும் மெலாத்தியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சத்ரியோவைப் பார்த்தார்கள்.

"மச்சான், தப்பா நினைக்காத. மூணு பேரா ஏறக் கூடாது. நீயும் கீழ போயிடேன்," என்றான் ரங்கா.

"நான் ஏன்?"

"உன்னைக் கூப்பிட்டதே நாலாக்கத்தானே," என்றுவிட்டு மெலாத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சத்ரியோவுக்குச் சுருக்கென்றது. வெட்கக்கேடு, கண்கூடக் கலங்கிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

பத்தடி போயிருப்பான். "டேய், சாப்பாடு பூரா உன் பையிலடா!" என்று ரங்கா கத்தினான்.

"ஆமா."

வயிறு என்று வந்ததும் ரங்காவுக்கு நம்பிக்கை கொஞ்சம் இளகியது. "சரி, திரும்பி வா. கெட்டிலை ஒரு ஆளா வெச்சுக்கலாம். நாம மூணு, கெட்டில் நாலு. பயமில்ல!"

சத்ரியோ நின்றான். "கெட்டில் ஆளாகும்னா மொதல்லயே அதைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நான் எதுக்குடா?"

மேலேயிருந்து மெலாத்தி மெதுவாக, "கெட்டிலையாவது குடுத்துட்டுப் போ," என்றாள்.

"குடுத்தா நீங்க மூணு பேர் ஆயிடுவீங்க. ஆபத்து," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

முதல் போஸ்ட்டில் குந்துர் சுருண்டு கிடந்தான். "தனியா விட்டுட்டானுங்களே," என்று முனகினான். சத்ரியோ அவனுக்கு வெந்நீர் கொடுத்து, கஞ்சி வைத்து, தனக்குக் கருவாட்டைச் சுட்டான்.

பொழுது சாய்வதற்குள் மற்ற இருவரும் சேறும் சகதியுமாக வந்து நின்றார்கள்.

"தப்புதான்டா, மன்னிச்சிரு," என்றான் ரங்கா, கண்ணைக் கருவாட்டின் மேல் வைத்தபடி. "நாலு பேரும் ஒண்ணாயிட்டோம்ல, சாப்பிடுவோம்."

சத்ரியோ விரல்விட்டு எண்ணினான். நாலு தலையையும் எண்ணிவிட்டு, அடுப்பிலிருந்த கெட்டிலையும் தொட்டான்.

"அஞ்சு வருதே மச்சான். உங்கள்ல ஒருத்தர் கிளம்புங்க."