தார்ப்பாய்க்குப் பின்னால்

திருக்காட்டுப்பள்ளியில் ஸ்பீக்கர் பெட்டி செய்வது என் தொழில். ஊர் சபாவுக்குப் புது ஸ்பீக்கர் வேண்டுமென்றார்கள். செயலாளர் வெங்கட்ராகவன் என் பெட்டியை விரலால் தட்டிவிட்டு, "உள்ளூர்ச் சரக்கு கரகரன்னுதாம்மா இருக்கும்" என்றார். நான் இன்னும் பாட்டே போடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெல் காயப்போடும் தார்ப்பாயை மேடையில் திரையாகக் கட்டினேன். அதன் பின்னால் என் பெட்டியையும் அவர் ஆசைப்பட்ட வெளிநாட்டுப் பெட்டியையும் வைத்து, மீட்டரால் அளந்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினேன். அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, எது முதலில் என்பதைக் காசு சுண்டி முடிவுசெய்து, ஒரே ஆலாபனையைப் பத்துச் சுற்று இரண்டிலும் போட்டேன். ஒன்பது சுற்றில் அவர் நல்லதென்று சொன்னது என் பெட்டியை.

தார்ப்பாயை அவிழ்த்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"இருந்தாலும் வெளிநாட்டுதையே வாங்கிடலாம் பர்வின். சபாவுக்கு வர்றவங்க கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே கேப்பாங்க?"

"அப்ப ஒவ்வொரு கச்சேரியிலயும் முதல் வரிசையில உக்காந்து கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டுறீங்களே, அது என்ன சார், தூக்கமா?"