கம்பளத் தூசி

தணிக்கைக் குழுவின் முன் உட்காரும்போது எனக்கு ஒரே கவலைதான். படிக்கட்டில் நடக்கும் அடிதடிக் காட்சியை வெட்டிவிடக் கூடாது. நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு தொழிலாளியைப் புரட்டி எடுக்கும் காட்சி அது. எங்கள் பெர்லினில் இந்த வருடம் தினமும் நடப்பதுதான். படக் கம்பெனி முதலாளி அதை எடுத்துவிடச் சொன்னார். படத்தொகுப்பாளரான நான் முடியாது என்று சண்டை போட்டு வைத்திருந்தேன்.

அதற்கு அடுத்த காட்சியை யாரும் பொருட்படுத்தவில்லை. அடித்து முடித்த கும்பலின் தலைவன் குடியிருப்பு முற்றத்தில் நின்று தேசம், ரத்தம் என்று முழங்குகிறான். வெள்ளிக்கிழமை கம்பளத் தூசி தட்டும் நாள் என்பதால் ஓர் அம்மாள் கம்பளத்தைக் கம்பியில் போட்டு அடிக்கிறாள். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் அவளும் ஓர் அடி வைக்கிறாள். தூசி அவன் வாய்க்குள் போகிறது. ஜன்னல்கள் எல்லாம் சிரிக்கின்றன.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். குழுவுக்குப் புதிதாக வந்திருந்த, கோட்டில் கட்சிச் சின்னம் குத்திய ஆள்தான் பேசினான்.

"படிக்கட்டு சீன் இருக்கட்டும். ஜனங்க பாக்கட்டும். அந்தக் கம்பளத்த மட்டும் எடுத்துடுங்க."

"கம்பளத்துல என்னங்க தப்பு?" என்றேன்.

"யூனிஃபார்ம கேலி பண்றீங்க."

"ஆள அடிக்கிறது கேலி இல்லையா?"

"அது பலம், அம்மா," என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

தொகுப்பறைக்குத் திரும்பியதும் இயக்குநர் ராட்கே தோளைத் தட்டினார். "ஜெயிச்சுட்டே எல்ஃப்ரீடே. உன் சீன் தப்பிச்சுது."

நான் கம்பளத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஓட்டிப் பார்த்தேன். அடி, ரத்தம், அப்புறம் வெறும் முற்றம். வெட்டிங் என்ற பெர்லின் வட்டாரத்தின் தொழிலாளர் குடியிருப்பில் நிலக்கரி சுமக்கிற என் அப்பா இதைப் பார்த்தால் என்ன செய்வார்? பயந்துபோய்க் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வாங்கிப் போடுவார். இதற்குத்தானே அந்தச் சின்னம் குத்தியவன் இதை விட்டுவைத்தான். எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாஜி பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

அடிதடி வரும் இடத்தைத் தேடிப் பிடித்துக் கத்தரியை எடுத்தேன்.

"பைத்தியமாடி உனக்கு? இதுக்குத்தானே மொதலாளியோட மல்லுக்கட்டினே?"

"சிரிப்போட சேர்ந்து இருந்தப்போ இது நம்ம படம். இப்போ அவனுங்க விளம்பரம். காசு வாங்காம நான் ஏன் ஒட்டித் தரணும்?"

"ரெண்டும் போனா படத்துல என்ன மிஞ்சும்?"

"அடிபட்டவன பக்கத்து வீட்டுக்காரங்க மாடிக்குத் தூக்கிட்டுப் போறது மிஞ்சும். அது போதாது. தெரியுது."

அது ராட்கேவுக்கு முதல் படம். அதில் அவர் பெருமைப்பட்ட இரண்டே இடங்கள் இவைதான். கத்தரியைப் பிடுங்குவார் என்று நினைத்தேன்.

அவர் மேசை விளக்கை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நேரா வெட்டு," என்றார்.