மீன் வராத மூன்று வாரம்

கல்யாணமாகி எட்டு மாதத்தில் கணவரின் மகள் தன்னிடம் தானாக வந்து பேசிய பேச்சுகளைத் தையல்காரி விரல் விட்டு எண்ணிவிடுவாள். “சாவி எங்க வச்சிருக்கீங்க?” “இன்னைக்கு வர லேட்டாகுங்க.” சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. பதின்மூன்று வயதுக்கு அப்படியொரு மரியாதை. கணவர் பேருந்து ஓட்டுகிறவர். முதல் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு நாலு வருடம் மகளோடு தனியாகக் காலம் தள்ளியவர். “போகப் போகச் சரியாயிடுவா, விடு” என்பார். போகப் போக என்றால் எவ்வளவு தூரம் என்று பேருந்து ஓட்டுகிற மனிதரிடமே கேட்க முடியவில்லை.

ஒருநாள் பல் கிளிப் மாட்ட அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனபோதுதான் ஒரு வழி தெரிந்தது. காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி. அந்தப் பெண் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி குந்தி உட்கார்ந்தவள், பெயர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் பேச்சு. எந்த மீன் எதைத் துரத்தியது, எது ஒரு மூலையைவிட்டு வராமல் அடம்பிடித்தது. தன்னிடம் பேசுகிறாளா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாளா என்று தையல்காரிக்குப் புரியவில்லை. ஆனாலும் நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு விடுதிக்குத் திரைச்சீலை தைத்த கூலியைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வளர்ப்புமீன் கடைக்குப் போனாள். ஒரு உருண்டைக் கண்ணாடி ஜாடி, இரண்டு தங்கமீன், உள்ளே வைக்க ஒரு குட்டிக் கோட்டை. மனதுக்குள் எல்லாம் முடிவாகியிருந்தது.

கடைக்காரர் முழங்கைவரை நனைந்த சட்டையோடு வந்தார். “ஜாடிதானக்கா, தாராளமா எடுத்துட்டுப் போங்க. மீன் எத்தனை நாள் உயிரோட இருக்கணும்?”

அவர் கேலி பேசுகிறார் என்று அவளுக்கு உறைக்கவில்லை. “ரொம்ப நாள் இருக்கணுங்க. பிள்ளைக்கு வாங்கறேன்.”

அவர் ஜாடியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். “அப்ப இது வேணாம். மீன் அந்தத் தண்ணியிலதான் சாப்பிடுது, அதுலயேதான் கழியுது. கொஞ்சூண்டு தண்ணின்னா ரெண்டு நாள்ல விஷமாயிடும். பெரிய தொட்டின்னா நீங்க ஒரு தப்பு பண்ணினாலும் தண்ணி தாங்கிக்கும். தங்கமீன் வேற ஒரு சாணுக்கு மேல வளரும். அதை ஜாடியில போட்டு என்ன பண்றது?”

அவள் பர்ஸைத் திறந்தே காட்டினாள். “இவ்வளவுதான் இருக்கு.”

அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போனார். யாரோ திருப்பிக் கொடுத்த இரண்டடித் தொட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். பின்கண்ணாடியில் ஒரு நீளக் கீறல். “சுவத்துப் பக்கம் திருப்பி வச்சா தெரியாது.” விளக்கு வைத்த மூடி வேண்டாம், கோட்டை வேண்டாம், கலர் கல் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். வீடு குளிருமா என்று கேட்டார். மூன்றாவது மாடி, வெயில் வாங்குகிற அறை என்றாள். அப்போது ஹீட்டருக்கும் இப்போதைக்கு அவசரமில்லை, ஒரு தெர்மாமீட்டர் போதும். “ஆனா பில்டர்ல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. அப்புறம் தண்ணி சோதிக்கிற இந்தச் சொட்டு மருந்து. இது ரெண்டும் புதுசா இருக்கட்டும்.”

“மீன்?”

“இன்னைக்கு மீன் கிடையாது” என்றார். “பில்டருக்குள்ள நல்ல கிருமி வளரணும். அதுதான் கழிவைத் தின்னும். அதுக்கு மூணு வாரம், நாலு வாரம் ஆகும். அந்தக் கிருமிக்குச் சாப்பாடா தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, தண்ணிய ஓட விடுங்க.” தன் பெரிய தொட்டியின் பில்டரிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தார். “இதை உங்க பில்டர்ல வைங்க. உறைமோர் மாதிரி.”

கணவர் தொட்டியை மூன்று மாடியும் மூச்சிரைக்கத் தூக்கி வந்தார். டிவி மேசை அறுபது லிட்டர் தண்ணீரைத் தாங்காது. வீட்டில் திடமாக நின்றது அவள் துணி வெட்டும் மேசை ஒன்றுதான். அதில் பாதியைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து துணி வெட்ட ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் விரித்த செய்தித்தாள் ஒரு மூலையில் ஊறிப்போயிருந்தது. தண்ணீரை இறைத்துக் கொட்டி, பிளேடால் பழைய பசையைச் சுரண்டி, தையல் போடுகிற நிதானத்தோடு புதிதாகச் சிலிக்கான் பசை இழுத்தாள். அது காய இரண்டு நாள் போனது.

பிறந்தநாள் வந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது, பில்டர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மீன் இல்லை.

“பஸ் ரெடி, டிரைவர் ரெடி, பாசஞ்சரக் காணோம்” என்று கணவர் சிரித்தார்.

அந்தப் பெண் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “தேங்க்ஸுங்க. மீன் எப்ப வரும்?”

“தண்ணி சரியானதும் வரும்.”

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் சோதனை. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, நிற அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் வந்தால் நல்ல தண்ணீர், பச்சை என்றால் கெட்டது. முதலில் தையல்காரி மட்டும் செய்தாள். நாலாம் நாள் அந்தப் பெண் குழாயைக் கழுவி வைத்திருந்தாள். அடுத்த வாரம் சொட்டு எண்ணுவது அவள் வேலையாகிவிட்டது. நிறத்தை நோட்டில் எழுதினாள். பச்சை, பச்சை, கரும்பச்சை, பச்சை.

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் ஒருநாள் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “மஞ்சள் வந்துடுச்சு.”

தையல்காரி வாங்கிப் பார்த்தாள். “இல்லம்மா, இன்னும் பச்சை ஓடுது.”

“எங்க ஓடுது? மஞ்சள்தான் இது.”

“இன்னும் நாலு நாள் பொறுத்துப் பாப்போம்.”

“நீ சும்மா சொல்ற. மீன் வாங்கக் காசு இல்லேன்னு சொல்லேன். எதுக்கு தண்ணி மேல பழியப் போடற?”

சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே திகைத்து நின்றாள். அப்பாவைத்தான் அவள் நீ என்பாள். தையல்காரிக்குச் சுருக்கென்றது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. எது முதலில், எது பின்னால் என்று அவளுக்கே தெரியவில்லை.

நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து எலுமிச்சை மஞ்சளில் ஒன்று, இளம்பச்சையில் ஒன்று எடுத்தாள். ஜன்னலோரம் போய்க் குழாயின் இரண்டு பக்கமும் பிடித்தாள். “இங்க வா. விளக்கு வெளிச்சத்துல பாக்காத. இப்ப சொல்லு, எதோட சேருது?”

அந்தப் பெண் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “பச்சையோடதான்” என்றாள் கடைசியில், குரல் இறங்கி.

“காசும் இல்லதான்” என்றாள் தையல்காரி. “ரெண்டும் உண்மை. அடுத்த வாரம் கூலி வரும்.”

“பிறந்தநாளுக்கு அத்தை குடுத்த காசு எங்கிட்ட இருக்கு.”

“அது உன்னோடது.”

“மீனும் என்னோடதுதான?”

இருவருக்கும் சேர்ந்தாற்போல் சிரிப்பு வந்தது.

ஐந்தாம் நாள் குழாய் மஞ்சள் காட்டியது. அடுத்த இரண்டு நாளும் மஞ்சள்தான். கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இந்தத் தொட்டிக்குத் தங்கமீன் வேண்டாம், சின்னஞ்சிறு கப்பி மீன் ஆறு போதும் என்றார். எல்லாம் ஆண், குட்டி போட்டுப் பெருகாது. வீட்டுக்கு வந்து பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை உள்ளே சேர்த்து, கடைசியில் வலையால் எடுத்து விட்டார்கள். வேலை முடிந்து வந்த கணவர் வாசலிலேயே ஏதோ உரக்கச் சொல்ல வாயெடுத்தார்.

“மெதுவா பேசுப்பா” என்று மகள் அதட்டினாள். “இப்பதான் வந்திருக்குங்க. பயந்துடும்.”

நாலாம் நாள் காலையில் ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. அந்தப் பெண் அழவில்லை. சீருடையோடு நின்று தண்ணீர் எடுத்து, சொட்டு எண்ணி, குழாயை ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். “மஞ்சள். நம்ம தப்பில்ல” என்றாள். பிறகு அந்த மீனைக் காகிதத்தில் மடித்து, ஒரு பூந்தொட்டியில் புதைத்துவிட்டு வந்தபோது பள்ளி மணி அடித்திருக்கும்.

“லேட்டா வந்ததுக்கு வீட்டுலேர்ந்து லெட்டர் கேப்பாங்க.”

“அப்பா ராத்திரி டூட்டி முடிஞ்சு இப்பதான் படுத்தாரு, எழுப்பட்டுமா?”

“வேணாம். அவரு எழுதினா கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். நீயே எழுதிக் குடு.”

தையல்காரி எழுதினாள். கையெழுத்துக்குக் கீழே ‘மாணவிக்கு என்ன உறவு’ என்று போட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“கையெழுத்து போட்டாச்சுல்ல, குடு. மத்தத நான் எழுதிக்கிறேன்” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பெண் படியிறங்கி ஓடினாள். என்ன எழுதினாள் என்று தையல்காரி கேட்கவில்லை. மிச்சமிருந்த ஐந்துக்கும் ஒரு சிட்டிகை தீனி தூவிவிட்டு, தரையில் துணியை விரித்தாள்.